சம்பங்கிக்குப் போன கல்யாணத் தண்ணீர்

எங்கள் கல்யாண மண்டபத்தின் முன்வாசலில் நல்ல தண்ணீர் லாரி வந்து நிற்கும். அதே நேரம் பின்வாசலில் கழிவுத் தண்ணீர் லாரி நின்றுகொண்டிருக்கும். ஒன்று கொட்டும், இன்னொன்று உறிஞ்சும். இரண்டு டிரைவர்களும் சிநேகிதர்கள். வேலை முடிந்ததும் சமையல் கொட்டகையில் ஒன்றாக உட்கார்ந்து எங்கள் டீயைக் குடிப்பார்கள். இந்த இரண்டு லாரிகளுக்கும் நடுவில்தான் நாங்கள் ஊரார் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருந்தோம். இதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருகிறதும் தண்ணீர், போகிறதும் தண்ணீர், இரண்டுக்கும் நாமே காசு கொடுப்பது என்ன புத்திசாலித்தனம் என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை போடுவேன். அவர் சண்டைக்கு வரமாட்டார். "சரி, இன்னா பண்ணலாம் சொல்லு" என்பார். அதற்கு மேல் ஒரு மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

மண்டபம் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் இருக்கிறது. அவர் பங்குக்கு வந்த நிலம். நான் கல்யாணமாகி வந்தபோது அங்கே கரும்பு நின்றது, வெட்டிய கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போனது. ஊர் மாவட்டத் தலைநகரம் ஆனதும் கரும்பு நின்ற இடத்திலெல்லாம் மனைக்கல் நட ஆரம்பித்தார்கள். எங்களைச் சுற்றி நகர் நகராக முளைத்தது. ஒவ்வொரு நகருக்கும் பெயர்ப்பலகை வந்தது, வீடு வந்தது, வீட்டுக்கு மேல் வீடு வந்தது. சாக்கடை மட்டும் எங்கள் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. கரும்பில் இனிப் பிழைக்க முடியாது என்று நாங்களும் மண்டபம் கட்டினோம். கக்கூஸ் தண்ணீருக்குத் தனியாக செப்டிக் டேங்க் கட்டிவிட்டோம். கை கழுவுகிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், இவ்வளவும் எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. தண்ணீர் யாரையும் கேட்டுக்கொண்டு போவதில்லையே. லாரி வரத் தாமதமான நாளெல்லாம் அது சாலைக்குப் போய் பஸ் ஸ்டாப் முன்னால் குளம் கட்டி நின்றது.

ஒரு நாள் நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். கோபக்காரர் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வருத்தமாகச் சொன்னார்.

"ம்மா, போன தடவையே சொல்லிட்டுப் போனேன். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கல்லாம் இதுலதான் எறங்கி நடக்குதுங்க. வைகாசி கடைசியில ஒரு திங்கக்கிழம வர்றேன். ரோடு காஞ்சி இருக்கணும். அப்பவும் தண்ணி நின்னுதுன்னா மண்டபத்தப் பூட்டறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல. எம்மேல வருத்தப்படக் கூடாது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். மண்டபத்தைப் பூட்டினால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அதுகூடப் போகட்டும். வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு எங்களை நம்பிப் பத்திரிகை அடித்தவர்கள் இருந்தார்கள். ஒரு பெண்ணைப் பெற்றவரைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

வழி சொன்னது மாப்பிள்ளை வீட்டாரோடு வந்த ஒரு பெண். நான் பின்வாசலில் லாரிக்காரரிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைச் சாப்பிட்டுக் கை கழுவ வந்த இடத்தில் பார்த்துவிட்டாள். வெளியூரில் இன்ஜினீயராம், தண்ணீரைச் சுத்தம் செய்கிற வேலையாம். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினாள். முதல் தொட்டியில் எண்ணெய் மிதக்கும், வழித்து எடுத்துவிட வேண்டும். இரண்டாவதில் சோறும் மண்டியும் அடியில் தங்கும். மூன்றாவது தொட்டி முழுக்க ஜல்லி, அதில் கல்வாழை. தண்ணீர் ஜல்லிக்குள் மெதுவாக நகர்ந்து போகும்போது வேரும் கல்லில் படிகிற பாசியும் அழுக்கைத் தின்றுவிடும். கடைசியில் ஒரு திறந்த குட்டை. அங்கிருந்து செடி கொடிக்குப் பாய்ச்சலாம்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. நாத்தம் அடிக்குதேன்னு பினாயில், பிளீச்சிங் பவுடர் எதையும் இதுல கொட்டிடாதீங்க. ஜல்லியில இருக்கற கிருமிங்கதான் உங்க வேலைக்காரங்க. அதுங்கள சாவடிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு வேன் ஏறிப் போய்விட்டாள். சம்பளம் வாங்காத வேலைக்காரர்கள் என்றதும் என் வீட்டுக்காரர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

அவரும் கொத்தனாரும் சேர்ந்து தொட்டிகளைக் கட்டினார்கள். கல்வாழையை நர்சரியில் வாங்கலாம் என்றார் அவர். எனக்கு அதில் இஷ்டம் இல்லை. நான் பிறந்தது மலை அடிவாரத்தில். மலை மேல் கரியாலூரில் ஓடை ஓரமெல்லாம் கல்வாழை தானாகக் காடு மாதிரி வளர்ந்து கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். பையில் வளர்ந்த செடி எங்கள் சாம்பார் தண்ணீரைத் தாங்குமா? மலையில் வளர்ந்தது எதையும் தாங்கும். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர், "ஆமாமா, அதான் கட்டிக்கினு நான் பாக்கறேனே" என்றார்.

ஒரு புதன்கிழமை இரண்டு பேரும் மண்வெட்டியும் சாக்குப் பையுமாக பஸ் ஏறினோம். கோமுகி அணையில் பாறை தெரிகிற அளவுக்குத் தண்ணீர் இறங்கிக் கிடந்தது. மலை ஏற ஏறக் காற்று மாறியது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் புது மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அருவிக்குப் போனோம். அதற்கப்புறம் மலைக்குப் போக எங்களுக்கு ஒரு சாக்கடைப் பிரச்சினை வர வேண்டியிருந்தது.

கரியாலூரில் ஓடைக்கு மேல் தினை விதைத்திருந்த ஒரு அம்மாவிடம் கல்வாழைக் கிழங்கு தோண்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இதையா? இத ஆடு கூடக் கடிக்காதே. கீழ கொண்டுபோயி இன்னா பண்ணப் போறீங்க?"

"கல்யாணத்துல கை கழுவற தண்ணிய குடிக்க வைக்கப் போறோம்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் ஓடையின் அந்தப் பக்கம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அவரே மண்வெட்டியை வாங்கி, நாங்கள் தோண்டுவது தோண்டுகிற லட்சணமா என்று கேட்டுவிட்டு, சாக்கை நிரப்பிக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் சேறு சொட்டுகிற சாக்கைப் பார்த்துக் கண்டக்டர் லக்கேஜ் போட வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் சேப்பங்கிழங்கா என்று விலை கேட்டார். இன்னொருவர் இது சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். இறங்குவதற்குள் இரண்டு பேர் ஆளுக்கொரு கிழங்கு வாங்கிக்கொண்டார்கள். இது அந்தக் கிழங்கு இல்லை என்று சொன்னால் கேட்டால்தானே?

நட்ட கிழங்கு ஒரு மழை காணவில்லை. பந்தித் தண்ணீரைக் குடித்தே சித்திரைக்குள் இடுப்பளவு வளர்ந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துவிட்டது. கடைசிக் குட்டையில் முதல்முதலாகத் தண்ணீர் வந்தபோது நான் ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டம்ளருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் முகம் தெரிந்தது. நாற்றமும் இல்லை. நான் குதித்தேன், வெட்கமில்லாமல் குதித்தேன். அவர் அதை இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் நடித்துக் காட்டுவார்.

பிரச்சினை அத்தோடு தீரவில்லை. குட்டை நிரம்பினால் தண்ணீர் மறுபடியும் சாலைக்குத்தான் போகும். சுத்தமான தண்ணீராகவே இருந்தாலும் சாலையில் நின்றால் பூட்டுதான். யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்ள ஒரே ஒருவர்தான் இருந்தார்.

மண்டபத்துக்கு அடுத்த கொல்லையில் சம்பங்கி பயிர் செய்கிறவர். மனை போடச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காதவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கிணற்றில் அந்த வருஷம் தண்ணீர் கம்மியாகிவிட்டது. மோட்டார் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் காற்றைத் துப்பும். பாதிப் பாத்தியில் சம்பங்கி காய்ந்துகொண்டிருந்தது. எங்களிடம் தண்ணீர் வேண்டாமல் நிற்கிறது, அவரிடம் செடி தண்ணீர் இல்லாமல் நிற்கிறது, நடுவில் ஒரு வேலி. இதைவிடச் சுலபமான கணக்கு உண்டா என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"எச்சித் தண்ணி" என்றார் அவர்.

"சுத்தம் பண்ணிட்டோம்ண்ணா. வந்து பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்குது."

"கண்ணாடி மாதிரி இருக்கட்டும். தின்னுட்டுக் கை கழுவுன தண்ணி எச்சித் தண்ணிதான். காலையில பறிக்கற மொத கைப் பூவு ஏரிக்கர அம்மனுக்குப் போவுது. அதுக்கப்புறந்தான் மார்க்கெட்டு. எச்சித் தண்ணியில பூத்தத அவ கழுத்துல போடச் சொல்றியா?"

"ஏன், ஏரித் தண்ணியில மட்டும் எரும குளிக்கலியா?"

"எரும குளிக்கும். எச்சி துப்பாது."

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் மேல் கோபம் நிற்கவில்லை. கொல்லைக்குள் யாரும் செருப்புக் காலோடு நுழையக் கூடாது என்பார். கீழே விழுந்த பூவை மிதிக்க மாட்டார், தாண்டவும் மாட்டார், குனிந்து எடுத்து வரப்போரம் வைப்பார். செடி காய்கிறதே என்று அவருக்கு இல்லாத கவலையா எனக்கு? காய்ந்தாலும் பரவாயில்லை என்று ஒருவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதை எருமையைக் காட்டி எப்படிப் பிடுங்குவது?

என் வீட்டுக்காரர்தான் சமாதானம் பேசிவிட்டு வந்தார். அண்ணா கொல்லையின் ஓரத்தில் மாட்டுக்குத் தீவனப் புல் போட்டிருந்தார். புல்லுக்கு மட்டும் விட்டுக்கொள்ளச் சம்மதித்தார். மாடு அம்மனுக்குப் போவதில்லையாம். குட்டையிலிருந்து வேலிக்கு அடியில் ஒரு குழாய் போட்டோம். புல் மளமளவென்று வளர்ந்தது. சாலையும் காய்ந்தது. வைகாசியில் இரண்டு கல்யாணம் ஒரு சொட்டு வெளியே போகாமல் நடந்தது. நான் மண்டபத்துக்கு வருகிறவர்களையெல்லாம், தாலி கட்டுகிறதைப் பார்த்தார்களோ இல்லையோ, பின்னால் இழுத்துப்போய்க் கல்வாழையைக் காட்டினேன்.

மூன்றாவது கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாக நகராட்சிக்காரர் போன் செய்திருந்தார். எல்லாம் தயாராக இருந்தது. பெண் வீட்டார் முறை விடாதவர்கள். தாலி ஏறியதும் மாமன் மச்சான், நாத்தனார் கொழுந்தி எல்லாரும் வாசலில் இறங்கி மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாட ஆரம்பித்தார்கள். சொம்பில் ஆரம்பித்தது குடத்துக்குப் போய், குடத்திலிருந்து அண்டாவுக்குப் போனது. நானும் சும்மா இருக்கவில்லை. யாரோ என் தலையில் ஊற்றினார்கள், நான் யார் தலையிலோ ஊற்றினேன். ஊற்றியதெல்லாம் வாசல் கால்வாய் வழியாக எங்கள் தொட்டிக்குத்தான் போனது. அதை அந்த நேரத்தில் யார் நினைக்கிறார்கள்?

சாயங்காலம் குட்டைத் தண்ணீர் லேசான மஞ்சளாக இருந்தது. நான் அசந்துபோய்த் தூங்கப் போய்விட்டேன். என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வரவில்லை. நாளைக்கு வருகிறவர் மஞ்சளாக இருக்கிற தண்ணீரைப் பார்த்தால் என்ன நினைப்பார்? அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், சுண்ணாம்பு. சுவரில் எறும்பு வந்தால் சுண்ணாம்பு, மரத்தில் பூச்சி வந்தால் சுண்ணாம்பு. கிணறு கலங்கினால் சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைக்கிற பரம்பரை. இன்ஜினீயர் பெண் வேண்டாம் என்றது பினாயிலையும் பிளீச்சிங் பவுடரையும்தானே, சுண்ணாம்பைச் சொல்லவில்லையே என்று சட்டம் வேறு பேசிக்கொண்டிருக்கிறார் மனசுக்குள். வெள்ளையடித்த மிச்சம் நீர்த்த சுண்ணாம்பு ஒரு டின் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் குட்டையில் கொட்டிக் கலக்கிவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொண்டார்.

விடியற்காலை பூப் பறிக்க வந்த அண்ணா போட்ட சத்தத்தில்தான் நாங்கள் எழுந்தோம்.

"ரத்தம்! ரத்தம்! அடப்பாவிங்களா, புல்லெல்லாம் ரத்தம்!"

ஓடிப் பார்த்தால் குட்டை முழுக்கச் சிவப்பு. குழாயிலிருந்து புல்லுக்குச் சிவப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது.

"வாசல்ல சைவ மண்டபம்னு போர்டு வச்சிக்கினு உள்ள கெடா வெட்டியிருக்கீங்க! எத்தினி கெடாடா வெட்டனீங்க? பூங்கொல்ல பக்கத்துல இத்தப் பண்ணலாமா?" என்று என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லண்ணா, நேத்து அவரைக்கா சாம்பாருதான்" என்றார் இவர். வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அண்ணா கேட்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுருட்டிக் குழாய் வாயில் திணித்து அதன் மேல் சேற்றை அப்பிவிட்டார். நல்ல வேலைக்காரர், ஒரு சொட்டு ஒழுகவில்லை. முந்தின நாள் கல்யாணத் தண்ணீர் இன்னும் ஜல்லியிலிருந்து வடிந்து வந்துகொண்டிருந்தது. குட்டை ஏற்கனவே விளிம்பு வரைக்கும் நின்றது. கொஞ்ச நேரத்தில் வழிந்து சாலைக்குப் போகப்போகிறது, அதுவும் ரத்த நிறத்தில். பத்து மணிக்கு ஆள் வருகிறார். பாத்திரம் தேய்க்க வந்த பெண்களைக் தண்ணீர்க் குழாயைத் திறக்காதீர்கள் என்று கத்திவிட்டு நான் குட்டைக் கரையில் உட்கார்ந்துவிட்டேன். மண்டபம் போயிற்று என்றே நினைத்தேன்.

உட்கார்ந்த இடத்தில் என் புடவை கண்ணில் பட்டது. முந்தின நாள் மஞ்சள் தண்ணீரில் நனைந்த புடவை, அதை மாற்றாமலே தூங்கியிருக்கிறேன். பக்கத்தில் காலி டின் கிடந்தது, வாயெல்லாம் வெள்ளையாக.

"ஏங்க, இதுல இன்னா இருந்துது?"

"சுண்ணாம்பு" என்றார்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது எந்த வீட்டில் தெரியாது? ஆரத்தி கலக்காத கை உண்டா? தட்டில் இருந்தால் தெரிகிறது, குட்டையில் இருந்தால் ரத்தமாகத் தெரிகிறது. எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் வந்தது, அந்த டின்னை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கவும் தோன்றியது. இரண்டையும் ஒத்திப் போட்டுவிட்டு உள்ளே ஓடி ஆரத்தித் தட்டை எடுத்துவந்தேன். அண்ணா முன்னால் வைத்து, தண்ணீர் ஊற்றி மஞ்சள் பொடி போட்டேன், தட்டு மஞ்சளாக இருந்தது. டின்னில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை விரலில் வழித்துப் போட்டுக் கலக்கினேன். தட்டு சிவந்தது. அதைக் குட்டைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். இரண்டும் ஒரே நிறம்.

அண்ணா தட்டைப் பார்த்தார், குட்டையைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"இவ்ளோவும் ஆரத்தியா?"

"ஆமாண்ணா. நேத்து மஞ்சத்தண்ணி வெளையாண்டாங்க. இவுரு சுண்ணாம்பக் கொட்டிட்டாரு. கெடாவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவர் திரும்பிச் சாலையைப் பார்த்தார். குட்டையின் ஒரு மூலையில் தண்ணீர் வழிய ஆரம்பித்து, சாலையைப் பார்த்து ஒரு சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியது.

"ரோட்டுக்குப் போவுதும்மா."

"நீங்கதான் குழாய அடச்சிட்டீங்களே."

"ஆரத்தித் தண்ணிய ரோட்டுல வுடறதா? நேத்து தாலி கட்டுன புள்ளைங்க சுத்திப்போட்ட தண்ணிம்மா. லாரி ஏறும், நாய் மிதிக்கும், கண்டவன் செருப்புக் காலோட மிதிப்பான். அதுங்க நல்லா இருக்குமா? எங்க வூட்ல ஆரத்தித் தண்ணியக் கால் படாத எடத்துல, செடி வேருலதான் ஊத்துவோம்."

"இல்லண்ணா, இது சூடம் ஏத்திச் சுத்தல..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். நான் அவர் காலை நன்றாக மிதித்தேன். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவ்வளவு பலமாக மிதித்ததில்லை.

"மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்துச்சின்னா அது ஆரத்திதான். யாரு கலந்தா இன்னா?" என்றார் அண்ணா.

"அப்ப புல்லுக்கே வுட்டுடுங்கண்ணா" என்றேன்.

"அங்க மாடு மேயுது. மிதிக்காதா?" என்று சொல்லிவிட்டுக் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். கால் படாத இடம் அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செருப்புக் காலோடு யாரையும் விடாமல் அவரே பாதுகாத்து வைத்திருந்த சம்பங்கிப் பாத்தி. அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். குழாயிலிருந்த துண்டைப் பிடுங்கினார். புல்லுக்குப் போகிற வாயை அடைத்து, சம்பங்கிக்குப் போகிற வாய்க்காலை வெட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் மண் அணைத்தார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு சாலைப் பக்கம் வழிந்ததையெல்லாம் மொண்டு மொண்டு திரும்ப ஊற்றினேன்.

சிவப்புத் தண்ணீர் காய்ந்த பாத்தியில் ஏறியது. மண் சத்தம் போட்டுக் குடித்தது. அவ்வளவு வறண்டு போயிருந்தது. அண்ணா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதா என்று நான் பார்க்கவில்லை, என் கண்ணில் நின்றது.

நகராட்சிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். சாலை காய்ந்து கிடந்தது. கைக்குட்டையை எடுத்தவர் நாற்றம் இல்லாததால் பையிலேயே வைத்துக்கொண்டார். குட்டையைப் பார்த்ததும் திடுக்கிட்டு, "இது இன்னா கலரு?" என்றார்.

"ஆரத்தி சார்" என்றார் கொல்லையிலிருந்து அண்ணா. வந்தவருக்கும் கல்யாணமாகியிருந்தது போல, தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு தொட்டிகளையெல்லாம் பார்த்துவிட்டு வேலியோரம் போய், "மண்டபத்துத் தண்ணிய உங்க நெலத்துல வுடறாங்களே, உங்களுக்கு இதுல ஆட்சேபண ஏதாவது?" என்று கேட்டார். அண்ணா மண்வெட்டியை நட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு வுடறாங்க? நான்தான் பாய்ச்சிக்கினு இருக்கறேன்" என்றார்.

மண்டபம் பிழைத்தது. சுண்ணாம்பு பட்டதில் குட்டைக்குப் பக்கத்திலிருந்த கல்வாழை கொஞ்சம் கருகி, பிறகு தேறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் நம்பர் வாங்கி இன்ஜினீயர் பெண்ணுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னபோது சிரித்து முடிக்கவே அவளுக்கு வெகுநேரம் ஆனது. சுண்ணாம்பும் கூடாது என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தனியாகச் சொன்னாள். சம்பங்கி பாத்தி பாத்தியாகக் கிளம்பியது. ஆரத்தி ஊற்றிய பாத்தியில் அப்புறம் சாதா கல்யாணத் தண்ணீரும் போனது. அண்ணா அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மனுக்கு மட்டும் கிணற்றடியில் இரண்டு வரிசைச் செடியைத் தனியாக வைத்துக்கொண்டு, ஊறுகிற கொஞ்சத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்றி வளர்த்தார். அதில் எங்களுக்கும் சந்தோஷம்தான்.

ஆடி பிறந்தது. ஆடியில் யார் கல்யாணம் செய்கிறார்கள்? மண்டபம் காலி, குட்டை வற்றியது, சம்பங்கி தலை தொங்கியது. அண்ணா தினமும் வேலியோரம் வந்து நிற்பார்.

"ஒரு காதுகுத்து கூடக் கெடைக்கலியா தங்கச்சி? ஒரு வளகாப்பு? பத்து பேரு வந்து சாப்ட்டாக் கூடப் போதுமே."

"ஆடியில யாருண்ணா வருவா?"

ஒரு நாள் அவரே வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். ஆடி ஞாயிறுகளில் ஏரிக்கரை அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது எங்கள் ஊர் வழக்கம். கோயிலுக்கு முன்னால் வெயிலில் நின்று குடித்துவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் படையல் கோயிலில் நடக்கட்டும், கூழ் காய்ச்சுவதும் குடிப்பதும் மண்டபத்தில் நடக்கட்டும், நிழலும் இருக்கிறது, குழாயும் இருக்கிறது என்று ஊரைப் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டார். நாங்கள் வாடகை வாங்கவில்லை. முதல் ஞாயிறு ஊரே வந்து கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்புமாக... சைவ போர்டை அன்றைக்கு மட்டும் கழற்றி வைத்தோம், அண்ணாதான் ஏணி பிடித்தார். அண்டா அண்டாவாகக் கழுவினார்கள். அவர் கை கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு, "நல்லாத் தேச்சிக் கழுவுங்க, கருவாட்டு வாசன போவாது, நல்லா ஊத்திக் கழுவுங்க" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் இப்படியே போனது, சம்பங்கி மறுபடியும் நிமிர்ந்தது.

கடைசி ஞாயிறு அம்மனுக்குப் பெரிய அலங்காரம். கிணற்றடி வரிசைப் பூ ஒரு முழத்துக்குக்கூட வரவில்லை. மாலை பாதியில் நிற்கிறது, பூசாரி காத்திருக்கிறார். அண்ணா கூடையை எடுத்துக்கொண்டு பெரிய பாத்திக்குள் இறங்கி, செழித்து நின்ற சம்பங்கியைப் பறிக்க ஆரம்பித்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பாக்கற? போன வாரம் அவளுக்குக் காய்ச்சுன கூழுப் பான கழுவுன தண்ணிதானே இது. அவளுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுக் கூடையை நிரப்பிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.